பகலவன் போட்ட மஞ்சள் கோடு

உலகத்தில் எந்தத் திருகும் ஆடக் கூடாது என்பது என் வீட்டுக்காரர் பகலவனின் கொள்கை. கடவுள் இல்லை என்று மேடை போட்டுப் பேசிய என் மாமனார் ஆசையாக வைத்த பெயர் அது. மகனுக்கும் சாமி நம்பிக்கை கிடையாது. ஆனால் டார்க் நம்பிக்கை உண்டு. ஒரகடத்தில் லாரிக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பதினான்கு வருடமாகத் திருகு முடுக்குகிறார். எந்தத் திருகை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதற்கு ஓர் அளவு இருக்கிறதாம், அதுதான் டார்க். அந்த அளவு வந்ததும் கையிலிருக்கும் முடுக்கி ‘க்ளிக்’ என்று சத்தம் போடும். உடனே திருகின் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் மஞ்சள் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுக்க வேண்டும். கோடு இருந்தால் வேலை முடிந்தது, வேறு யாரும் தொட வேண்டாம் என்று அர்த்தம்.

அவர் கை பட்ட ஒரு பீஸ்கூட இதுவரை திரும்பி வந்ததில்லை. அதற்காகப் போன வருடம் விழா வைத்து மேடைக்குக் கூப்பிட்டுப் பரிசு கொடுத்தார்கள். ஒரு குக்கர் கொடுத்திருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். பெயர் பொறித்த ஒரு க்ளிக் முடுக்கியைக் கொடுத்தார்கள். அன்றைக்குப் பிடித்தது எங்கள் வீட்டுக்குச் சனி. பீரோ கீல், மிக்சி, ஃபேன், என் ஸ்கூட்டி என்று ஒன்றும் தப்பவில்லை, எல்லாவற்றிலும் மஞ்சள் கோடு. நான் தூங்கும்போது என் மூக்குத்தித் திருகையும் ஒரு கை பார்த்திருப்பார், முடுக்கி முனை அந்த அளவுக்குச் சின்னதாக இல்லை.

நான் மெர்சி. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ரீவொர்க் ஆபரேட்டர். லைனில் யாராவது சொதப்பிய போர்டுகள் சிவப்புத் தட்டில் என்னிடம் வரும். ஈயம் உருக்கி ஒட்டும் சால்டரிங் வைத்துச் சரிசெய்து பச்சைத் தட்டில் போடுவேன். அங்கே நான் மாட்டிக்கொள்ளும் வெள்ளைக் கோட்டும் என்னுடையதில்லை, உட்காரும் ஸ்டூலும் என்னுடையதில்லை. ஷிப்ட் முடிந்தால் வேறொருத்தி வந்து உட்காருவாள். எனக்கென்று இந்த உலகத்தில் இருந்தது வடக்குப்பட்டு சர்ச்சில் ஜன்னலோரமாக ஒரு மூன்றடி இடம். பதினோரு வருடமாக அங்கே நின்றுதான் ஞாயிறு தவறாமல் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறேன். பெரிய வித்துவாம்சம் எல்லாம் இல்லை. ஆனால் சபையில் பாதிப் பேர் எந்த இடத்தில் பாட்டை எடுக்க வேண்டும் என்று என் கையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள்.

அந்த இடத்துக்குத்தான் ஆபத்து வந்தது. சபைக் கமிட்டி செக்ரெட்டரி பிச்சையா ஒரு கீபோர்டு வாங்கினார். வாசிப்பதற்கு அவருடைய மருமகன் பிரசன்னாவே கிடைத்தது ஆண்டவரின் சித்தம் என்றார். பிரசன்னா ஒரு விரலால் வாசிப்பார். மீதி ஒன்பது விரலுக்கும் பதிலாகக் கீபோர்டே தாளம் போட்டுக்கொள்ளும்.

“இதுலயே கிட்டாரு சத்தமும் கீது சிஸ்டர்,” என்றார் பிச்சையா. “தனியா ஒரு கிட்டாரு, அதுக்கு ஒரு ஒயரு, ஒரு பொட்டின்னு எதுக்கு? சரி, அறுப்பின் பண்டிகைக்கு ஆரம்பப் பாட்ட நீயே வாசி. அப்பால நாங்க ஜெபத்தோட ஒரு முடிவு எடுக்கறோம்.”

கமிட்டி ஜெபத்தோடு முடிவு எடுக்கிறது என்றால் முடிவை எடுத்துவிட்டு ஜெபம் பண்ணுகிறது என்று அர்த்தம். இது எனக்கும் தெரியும். இருந்தாலும் அந்த ஒரு பாட்டை நன்றாக வாசித்துவிட்டால் பத்துப் பேர் முன்னால் என்னைப் போ என்று எப்படிச் சொல்வார்கள் என்று ஒரு நப்பாசை. வருகிற ஞாயிறுதான் பண்டிகை. ஓவர்டைம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டில் உட்கார்ந்து பிராக்டிஸ் செய்தேன்.

புதன்கிழமை பகலவனுக்கு வீக்லி ஆஃப். அவரைத் தனியாக விட்டுப் போனது என் தப்பு.

எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பிகளுக்கு அடியில், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளமாக ஒரு காந்தப் பெட்டி இருக்கும். பிக்கப் என்பார்கள். கம்பி அதிர்வதைப் பிடித்துக் கரண்டாக்கி அனுப்புவது அதுதான். அதன் அடித்தகட்டில் இரண்டு பக்கமும் காது மாதிரி தகடு நீட்டிக்கொண்டிருக்கும். காதில், திருகு ஏறிப் பிடிக்க மரை போட்ட ஒரு ஓட்டை. மேலேயிருந்து ஒரு நீளத் திருகு, ஒரு ஸ்பிரிங்குக்குள் நுழைந்து இறங்கி, அந்தக் காதைப் பிடித்துத் தொங்கவிடும். திருகைக் கொஞ்சம் திருப்பினால் பெட்டி கம்பிக்குக் கிட்டே ஏறும், எதிர்ப்பக்கம் திருப்பினால் இறங்கும். அது ஸ்பிரிங்கில் மிதக்க வேண்டிய சாமான். விரலால் அமுக்கினால் ஆடும். ஆடத்தான் வேண்டும்.

நான் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குள் நுழைகிறேன், கட்டிலில் என் கிட்டார் ஜம்மென்று படுத்திருக்கிறது. கழுத்தில் பச்சை அட்டை கட்டித் தொங்குகிறது. அட்டையில் ‘ஓகே’, தேதி, கையெழுத்து. பக்கத்தில் பகலவன், பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய முகத்தோடு நிற்கிறார்.

“இத்தினி வருசமா இந்தப் பொட்டி லொடலொடன்னு ஆடிகினு கீது, நீ கண்டுக்கவேல்ல மெர்சி. நம்ம லைன் அளவு வெச்சி முடுக்கிட்டேன். ஒரு பக்கம் க்ளிக் வந்துச்சி. இன்னொரு பக்கம் எவ்ளோ சுத்தியும் வரல. கடசில டொக்குன்னு ஒரு சவுண்டு வந்துச்சி. அதான் க்ளிக்கா இருக்கும்னு விட்டுட்டேன்.”

நான் கிட்டாரைத் தூக்கினேன். காந்தப் பெட்டியின் ஒரு பக்கம் கம்பியில் முட்டிக்கொண்டு நின்றது. இன்னொரு பக்கம் உள்ளே பொத்தென்று விழுந்தது. டொக்கென்று சத்தம் போட்டது க்ளிக் இல்லை, என் பிக்கப்பின் காது. மரை மொத்தமும் வழித்துக்கொண்டு போய்விட்டது. கனமான கம்மல் போட்டு இழுபட்டுப்போன காது மாதிரி ஓட்டை வாயைப் பிளந்துகொண்டு நின்றது. ஸ்பிரிங் தெறித்து ஃபிரிட்ஜுக்கு அடியில் எங்கேயோ போய்விட்டது. ஆனால் திருகின் தலையில் மட்டும் ஒரு மஞ்சள் கோடு, அளவெடுத்த மாதிரி நேராக இருந்தது.

“யோவ்!” என்று கத்தினேன். புருஷனை நான் யோவ் போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. “அது ஆடணும்யா! ஆடறதுக்குத்தான் உள்ள ஸ்பிரிங்கு வெச்சிகிறான்! உன் லாரி சக்கரமாய்யா இது?”

“ஆடணுமா?” என்றார். முகம் அப்படியே சுருங்கியது. ஆடுவதற்கென்றே ஒருத்தன் திருகு செய்வான் என்பதை அவரால் நம்பவே முடியவில்லை.

நான் உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், தேம்பித் தேம்பி அழுதேன்.

வியாழக்கிழமை அவர் சமாதானத்துக்கு வந்தார். மல்லிப்பூ வாங்கிக்கொண்டு வருவார்கள் மற்ற புருஷன்கள். இவர் ஒரு தாளை நீட்டினார். கம்பெனியில் தப்பு நடந்தால் ஏன், ஏன் என்று ஐந்து தடவை கேட்டு எழுதுவார்களாம், அந்தத் தாள். பெட்டி ஏன் விழுந்தது? மரை போனதால். மரை ஏன் போனது? அளவுக்கு மேல் முடுக்கியதால். ஏன் முடுக்கப்பட்டது? சரியான அளவு தெரியாததால். இப்படியே இறங்கி ஐந்தாவது ஏனுக்குப் பதில் எழுதியிருந்தார்: ‘மனைவி முன்கூட்டியே தகவல் தரவில்லை.’

“ஓ, கடசில நான்தான் காரணமா?”

“உன்ன சொல்லல மெர்சி. சிஸ்டத்த சொல்றேன்.”

அந்தத் தாளை நான் என்ன செய்தேன் என்பதை எழுத வேண்டாம். அடுப்பு பக்கத்தில்தான் இருந்தது.

சரி, அழுதால் காது முளைக்குமா? ரிப்பேர் எனக்குத் தெரிந்த தொழில். போன மரையை மறுபடி கொண்டுவர முடியாது. அந்த ஓட்டைக்கு அடியில் ஒரு குட்டி நட்டை சால்டர் வைத்து ஒட்டிவிட்டால் அந்த நட்டே புது மரையாகிவிடும். தேவை ஒன்றே ஒன்றுதான். ஒல்லியான, நீளமான ஒரு திருகு, அதற்குப் பொருந்தும் பித்தளை நட்டு. இதற்கா பஞ்சம் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்து ஒரகடம் கூட்டு ரோட்டில் நாலு ஹார்டுவேர் கடை ஏறி இறங்கினேன். என் கட்டைவிரல் தடிமனில் போல்ட்டு எடுத்துக் காட்டினார்கள். “இதான்மா இருக்கறதுலயே சின்னது,” என்றார் ஒருத்தர். அங்கிருந்து செல்போன் கடை அறிவுமதியிடம் போனேன். அவன் சின்ன டப்பியைத் திறந்தான். உள்ளே கடுகைவிடச் சின்னதாகத் திருகுகள். தும்மினால் பறந்துவிடும்.

“இதுக்கு மேல பெருசு நம்மகிட்ட இல்லக்கா,” என்றான்.

எப்படி இருக்கிறது கதை? இந்த ரோட்டின் ஒரு முனையில் லாரி செய்கிறார்கள், மறுமுனையில் போன் செய்கிறார்கள். ஒரு நாளைக்கு எத்தனை லட்சம் திருகு இந்த வழியாகப் போகிறதோ, அந்த ஆண்டவருக்கே வெளிச்சம். லாரிக்கும் போனுக்கும் நடுவில் ஒரு மனுஷிக்கு ஒரு திருகு வேண்டும் என்றால் இல்லை. அறிவுமதி பாவப்பட்டு அவனிடமிருந்த பெரிய சால்டரிங் அயர்னை இரவலாகக் கொடுத்தான். என் வீட்டு அயர்னுக்கு அவ்வளவு சூடு வராது.

“உங்க கம்பெனில இந்த சைசு இல்லியா?” என்று பகலவனைக் கேட்டேன்.

“ஒரு தொட்டி நெறைய கீது. ரிஜெக்ட் தொட்டி.”

“ஒண்ணே ஒண்ணு எடுத்தாரக் கூடாதா?”

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பக்கத்து வீட்டில் கன்னம் வைக்கச் சொன்ன மாதிரி. “கம்பெனி திருகு கம்பெனிலதான் இருக்கணும். ரிஜெக்ட்டா இருந்தாலும்.” சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். உடைத்ததும் அவர், உதவ முடியாததும் அவர். அந்த மனுஷனுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

சனிக்கிழமை காலையில் தோசைக்கு மாவு ஆட்டலாம் என்று கிரைண்டர் பிளக்கைக் கையில் எடுத்தேன். பழைய மூணு பின் பிளக். இரண்டு பாதியையும் சேர்த்து ஒரு நீளத் திருகு பிடித்திருந்தது, பின்னால் பித்தளை நட்டு. திருகின் தலையில் மஞ்சள் கோடு. அது இல்லாவிட்டால் நான் கவனித்தே இருக்க மாட்டேன்.

“மாவு இல்ல, இன்னிக்கு உப்புமா!” என்று கத்திவிட்டு உட்கார்ந்தேன். பிளக்கின் திருகையும் நட்டையும் உருவிக்கொண்டு, கிட்டார்க் கம்பிகளைக் கழற்றி, பிக்கப்பை வெளியே எடுத்தேன். காதின் ஓட்டையைச் சின்ன அரத்தால் கொஞ்சம் அகட்டினேன், புதுத் திருகு தடையில்லாமல் போகும் அளவுக்கு. தகட்டை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்தேன். அழுக்கு இருந்தால் ஈயம் ஒட்டாது. சால்டர் வைக்கும்போது நட்டு நகரக் கூடாது என்பதால் திருகோடு சேர்த்தே பொருத்தினேன். திருகிலும் ஈயம் ஒட்டிக்கொண்டால் எல்லாம் பாழ், அதனால் அதன் மேல் பென்சில் கரியை நன்றாகப் பூசினேன். பெட்டிக்குள் இருக்கும் சுருள் கம்பி தலைமுடியைவிட மெல்லிசு, சூடு ஏறினால் செத்துவிடும். ஈரத் துணியால் பெட்டியைச் சுற்றினேன்.

“நான் இன்னா பண்ணட்டும்?” என்றார், உடைத்த பாவத்துக்கு இரண்டு நாள் லீவு போட்டிருந்த பகலவன்.

“ஒண்ணும் பண்ணாதீங்க. அதான் பெரிய ஒத்தாசை.”

அயர்னை வைத்து நாலு எண்ணினேன். ஈயம் உருகி நட்டைச் சுற்றி ஓடி அப்படியே பளிச்சென்று நின்றது. சுத்தமான வேலை. கம்பெனியில் நான் இப்படி ஆயிரம் செய்திருப்பேன், ஒன்றுக்குக்கூட இப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. தொலைந்துபோன ஸ்பிரிங்குக்குப் பதில் பகலவனின் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவி அதன் ஸ்பிரிங்கை எடுத்துக்கொண்டேன். கம்பெனி செக் ஷீட்டில் டிக் அடிக்கிற பேனா அது. ஸ்பிரிங் இல்லாத பேனாவை வாங்கி மறுபடி பையில் சொருகிக்கொண்டார்.

மாட்டி, கம்பி கட்டி, சத்தம் கொடுக்கும் ஆம்ப் பெட்டியில் சொருகி ஒரு தட்டு தட்டினேன். பழைய சத்தம், முழுசாக வந்தது. பெட்டியை விரலால் அமுக்கிக் காட்டினேன். ஆடியது.

“பாத்துக்கோங்க. இது ஆடுது. ஆனா ஓகே.”

பயபக்தியோடு தலையாட்டினார். பிறகு ஒரு தாளை எடுத்து உட்கார்ந்து வரைந்தார். கம்பெனியில் யாராவது புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டால் அதைப் படம் போட்டு ஒட்டி வைக்க வேண்டுமாம். கிட்டார்ப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டினார்: ‘பிளாஸ்டிக், தகடு, ஸ்பிரிங் உள்ள இடங்களில் லைன் அளவில் முடுக்கக் கூடாது. முடுக்கினால் உள்ளே உடையும். வெளியே தெரியாது.’ அடியில் கையெழுத்து, தேதி.

சாயங்காலம் ஆம்பைத் தூக்கிக்கொண்டு அவரும் சர்ச்சுக்கு வந்தார், பரிசு முடுக்கி எப்போதும்போல் பைக் டப்பாவில். சாமி கும்பிட மாட்டார், ஆனால் ஆம்பைத் தூக்காமல் இருக்க மாட்டார். பண்டிகைக்குத் தூணில் கரும்பும் வாழையும் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஊரில் அறுப்பதற்கு வயல் ஏது? எல்லாம் பிளாட். படைப்பதற்கான பூசணிக்காய் லோடு ஆட்டோவில் மார்க்கெட்டிலிருந்து வந்து இறங்கியது. நான் என் இடத்தைப் பார்த்தேன். ஜன்னலோரத்தில் என் உயரத்துக்கு ஒரு கறுப்பு ஸ்பீக்கர் பெட்டி நின்றுகொண்டிருந்தது.

“அது வந்து சிஸ்டர்,” என்றார் பிச்சையா, “ஆரம்பப் பாட்டையும் பிரசன்னாவே வாசிச்சிடட்டும்னு கமிட்டில பேசிட்டோம். பண்டிகைக்கு மேலிடத்துலேர்ந்து பாதிரி ஐயருங்கல்லாம் வர்றாங்கோ. நீயும் எவ்ளோ வருசமா நின்னுகினே இருக்க? மத்த சிஸ்டருங்களோட பாய்ல உக்காந்து நிம்மதியா பாடேன்.”

பிரசன்னா செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டாரைப் பகலவன் கையில் கொடுத்துவிட்டு வெளியே குழாயடியில் போய் நின்றேன். அவர் வருவதற்கு அரை மணி ஆயிற்று. வந்து, “போலாமா?” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போகவே வேண்டாம் என்று படுத்திருந்தேன். பகலவன்தான் எழுப்பினார். கிட்டாரையும் ஆம்பையும் அவரே பைக்கில் கட்டினார்.

“எதுக்கு? பாய்ல உக்காந்து வாசிக்கவா?”

“இருக்கட்டும். ஸ்பேர்னு ஒண்ணு எப்பவும் கைல இருக்கணும்.”

சர்ச் நிரம்பி வழிந்தது. மேலிடத்து ஐயர் எழுந்து நின்று ஆரம்பப் பாட்டு என்றார். பிரசன்னா கோட்டு சூட்டு போட்டிருந்தார். ஸ்விட்சைப் போட்டு, அந்த ஒரு விரலை வைத்தார். அமுங்கிய கட்டை எழும்பவில்லை. பக்கத்துக் கட்டை ஆறும் கூடவே அமுங்கின. “ஙொய்ங்ங்” என்று ஒரே சத்தம், நிற்காமல் வந்தது. புது மாதிரி ஆரம்பம் போலிருக்கிறது என்று சபை எழுந்து நின்றது. சத்தம் நிற்கவில்லை. ஐயர் கண்ணை மூடி ஜெபத்தை ஆரம்பித்துப் பார்த்தார். அப்போதும் நிற்கவில்லை. கடைசியில் யாரோ பிளக்கைப் பிடுங்கினார்கள்.

பிச்சையா வேர்த்து விறுவிறுத்து என்னிடம் ஓடிவந்தார். “சிஸ்டர், நீ கம்பெனில இதான பாக்கற? இன்னான்னு கொஞ்சம் பாரேன். புதுசு சிஸ்டர்! நேத்துகூட உங்க வூட்டுக்காரரு, லேசா ஆடுதே, டைட் பண்ணட்டுமான்னு கேட்டு, ஒண்ணு வுடாம எல்லாத்தையும் டைட் பண்ணிக் குடுத்தாரு. அவர மாரி மனுசன் கெடைக்குமா?”

கீபோர்டைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பாகத்தில் பதினாறு திருகு. பதினாறிலும் மஞ்சள் கோடு.

நிமிர்ந்து பார்த்தேன். பகலவன் கடைசித் தூணருகே கரும்போடு கரும்பாக நின்றுகொண்டிருந்தார். பாட்டுப் புத்தகத்தை விரித்து, வாழ்க்கையில் முதல் தடவையாக அதைப் படித்துக்கொண்டிருந்தார். தலைகீழாக.

“இன்னா சிஸ்டர்? எதுனா லூஸா பூட்ச்சா?”

நான் சர்ச்சில் பொய் சொல்ல மாட்டேன். “லூஸ் ஒண்ணும் இல்லண்ணே,” என்றேன். “எல்லாம் நல்லா டைட்டாதான் கீது. உள்ள பிளாஸ்டிக்கு ஒடஞ்சிகீது போல. கழட்டிதான் பாக்கணும். வூட்டுக்கு எடுத்துனு போறேன்.”

“அப்போ பாட்டு?”

அதற்குள் பகலவன் ஆம்பைத் தூக்கிக்கொண்டு நடுவில் வந்துகொண்டிருந்தார். ஸ்பீக்கர் பெட்டியைப் பிரசன்னாவே நகர்த்தினார். அவருடைய கோட்டுக் கையில் தூசி ஒட்டியது. நான் என் ஜன்னலோரத்தில் நின்று கிட்டாரை மாட்டிக்கொண்டேன். பேனா ஸ்பிரிங்கில் என் காந்தப் பெட்டி மிதந்தது. வாசித்தேன். இரண்டாவது சரணத்தில் ஓர் இடத்தில் தப்பு விட்டேன், யாருக்கும் தெரியவில்லை. பின்வரிசை வரைக்கும் என் கையைப் பார்த்து எடுத்துப் பாடினார்கள். அந்தச் சந்தோஷத்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

திரும்பும்போது பைக்கில் முன்னால் ஆம்பு, முதுகில் கிட்டார், என் மடியில் குறுக்காகக் கீபோர்டு. வடக்குப்பட்டு வளைவு தாண்டும் வரை பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

“தெரிஞ்சேதான் பண்ணீங்களா?”

“பிளாஸ்டிக், தகடு, ஸ்பிரிங்கு. நான்தான எழுதி ஒட்டினேன்?” என்றார் திரும்பாமலே.

பதினான்கு வருடமாக ஒரு பீஸ் கெடுக்காத மனுஷன். ரிஜெக்ட் திருகைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராத மனுஷன். இந்தக் கீபோர்டைப் பிரித்து, உள்ளே திருகு பிடிக்கும் உடைந்த பிளாஸ்டிக் தூண்களை ஒட்டி, சரிசெய்ய எனக்கு அரை நாள் போதும். ஆனால் ரிப்பேரில் அவசரப்படக் கூடாது. கிறிஸ்துமஸ் போகட்டும், பார்க்கலாம் என்று முடிவு எடுத்தேன். ஜெபத்தோடுதான்.

“சரி, பண்றது பண்ணீங்க,” என்றேன், “அந்த மஞ்சக் கோடு எதுக்குய்யா? பதினாறுலயும் போட்டு வெச்சிகிறியே, யாருனா பாத்திருந்தா மானம் போயிருக்காது?”

பகலவன் பைக்கை ஓரம் கட்டி நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். நிஜமாகவே அவருக்கு நான் கேட்டது புரியவில்லை.

“இன்னா மெர்சி பேசற? வேல முடிஞ்சா கோடு போடாம எப்டி வர்றது?”